நாடகம், சினிமா நூல்கள்: எதை எதற்கு நம்பலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: சார், தமிழ் நாடக வரலாறு படிக்க ஆரம்பிக்கணும். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க.

ஒன்றை மட்டும் சொன்னால் பாதிச் சித்திரம்தான் கிடைக்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவது, 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் கதை. நடித்தவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். மாலையில் ஒத்திகை, மறுநாள் காலையில் கோர்ட்டு. இரண்டாவது, 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பித்த பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவில், சிறுவனாகச் சேர்ந்தவர் எழுதியது. அங்கே சோறும் படுக்கையும் பாடமும் அடியும் எல்லாம் கம்பெனிதான். ஒரே காலத்து மேடையின் இரண்டு வர்க்கங்கள் இவை. பம்மலை மட்டும் படித்தவர்களுக்குத் தமிழ் நாடகமே படித்தவர்கள் வளர்த்தது என்ற எண்ணம் வந்துவிடும். சண்முகத்தைப் படித்தால் அது உடனே கலையும்.

நினைவில் எழுதிய நூல்களில் ஊர், ஆள், வேஷம், சம்பளம், சண்டை எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தேதியை மட்டும் வேறு இடத்தில் சரிபார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

கேள்வி: ஒரே படத்துக்கு ஒரு புத்தகம் 1949 என்கிறது, இன்னொன்று 1950 என்கிறது. எது சரி ஐயா?

பல நேரம் இரண்டுமே சரி. ஒருவர் சென்சார் சான்றிதழ் தேதியை எடுத்திருப்பார், மற்றவர் திரையிட்ட தேதியை. டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்கு வெளிவந்த படம் என்றால் ஒரு வருஷம் தள்ளிப் போகும். திரையிட்ட நாளைப் பிடிக்க அந்த வாரத்து 'சுதேசமித்திரன்', 'தினமணி', 'இந்து' விளம்பரங்களைப் பாருங்கள். "இன்று முதல்" என்றிருந்தால் அதுதான் நாள். "விரைவில்", "தீபாவளி வெளியீடு" என்றிருந்தால் அது வெறும் உத்தேசம். தள்ளிப்போன படங்கள் ஏராளம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. மௌனப் படமான 'கீசக வதம்' விஷயத்திலோ 1916, 1917, 1918 என மூன்று ஆண்டுகளும் அச்சில் உள்ளன, பிரதியும் மிஞ்சவில்லை. அதற்கு ஒரே வருஷத்தை அடித்துச் சொல்கிற புத்தகத்தை மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு கிடைத்தது. எதிலும் வருஷம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பின் அட்டையில் விலையைப் பாருங்கள். அணா என்றிருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தியது, ஏனென்றால் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1-இல். பழைய காசும் சில வருஷம் புழங்கியதால் ஒன்றிரண்டு ஆண்டு விட்டுக்கொடுங்கள். "ந.பை." (நயா பைசா) என்று போட்டிருந்தால் கணக்கு இன்னும் சுலபம்: 'நயா' என்ற அடைமொழி 1964 ஜூனில் நீங்கிவிட்டது.

அடுத்து அச்சக முகவரி. "சென்னை-17" என்பது பழைய முறை. "600 017" என்று ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டு 15-க்குப் பிந்தியது. "சென்னை மாநிலம்" என்றிருந்தால் 1969-க்கு முந்தியது. ஆனால் மதராஸா சென்னையா என்பதை வைத்துத் தமிழ் அச்சில் ஒன்றும் முடிவு செய்ய முடியாது, இரண்டும் வெகுகாலம் கலந்தே ஓடின.

பிறகு எழுத்து. தும்பிக்கை போட்ட லை, ணை, னை இருந்தால் பழசு. சீர்திருத்த எழுத்துக்கு அரசாணை வந்தது 1978 அக்டோபரில். பழைய ஈய எழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாத சின்ன அச்சகங்கள் அதற்குப் பிறகும் அதையே கோத்தன. எதிர்ப்பக்கத்தில், பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே புது எழுத்தைப் பயன்படுத்தின. ஆகவே எழுத்தைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தனிச் சாட்சியாக வேண்டாம்.

இவ்வளவும் சொல்வது புத்தகத்தின் வயதை மட்டும். ஓடிய படத்தை மறுபடி திரையிடும்போது புதிதாகப் பாட்டுப் புத்தகம் அடிப்பது வழக்கம், எனவே ந.பை. விலையோடு நாற்பதுகளின் படம் கிடைத்தால் திகைக்க வேண்டாம். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிகிற கதைச் சுருக்கத்தையும் விடாமல் படியுங்கள். படத்தில் இல்லாத பாட்டு புத்தகத்தில் இருந்தால், அச்சுக்குப் போனபின் வெட்டப்பட்டது என்று யூகிக்க இடமுண்டு.

கேள்வி: படம் வெட்டுப்பட்டதா என்று புத்தகத்தை வைத்தே சொல்ல முடியுமா?

தகவல் நூல்களில் நீளம் அடியில் கொடுத்திருந்தால் முடியும். 35 மி.மீ. பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18,000 அடி என்றால் 200 நிமிடம். உங்களிடம் இருக்கும் டிவிடி 192 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம்: நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்), படம் 24 சட்டம், அந்த வேகத்தில் போனதுதான் எட்டு நிமிடம். 165 நிமிடம்தான் இருக்கிறது என்றால் யாரோ கத்திரி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணே, அந்தப் பாட்டுப் புத்தகங்களில் பூச்சி, துரு. லேமினேட் செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. சூடும் பிளாஸ்டிக்கும் ஏறிய தாளைத் திரும்ப எடுக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும்.

துருப்பிடித்த பின்னை ரிமூவரால் இழுத்தால் தாள் கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய காலை மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக உருவுங்கள். மூன்று துளையில் பருத்தி நூலால் தைத்தால் போதும். உயிருள்ள பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் தாளிலேயே நீர் பூக்கும். வசம்பு, வேப்பிலை அலமாரியில் இருக்கலாம். பக்கங்களுக்கு நடுவில் வைத்தால் கறை படியும்.

ஸ்கேன் செய்யும்போது பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாளை வையுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), புள்ளி புள்ளியாக அச்சான படங்களுக்கு 600. கட்டு பெரிதென்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள். பாட்டுப் புத்தகங்களை மதித்துச் சேர்க்கும் இடம் அது.

கேள்வி: கல்லூரி விழாவில் 'மனோகரா' போடுகிறோம். பம்மல் புத்தகத்தில் அந்தப் பிரபலமான சங்கிலி வசனத்தைக் காணோமே?

இருக்காது. நீங்கள் நினைக்கும் வசனம் 1954 படத்துக்குக் கருணாநிதி எழுதியது. பம்மலின் மூல நாடகம் பழைய நடை, மெதுவாக நகரும். பம்மல் 1964-இல் காலமானார். மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2024 முடிவோடு பதிப்புரிமை தீர்ந்தது. பட வசனத்தை அதில் ஒட்டினால் உரிமை விவகாரம் வேறு. நடையும் ஒட்டாது, ஒரு காட்சி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

கேள்வி: அச்சான திரைக்கதைகளைப் படித்துத் திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா?

அந்தப் புத்தகம் எப்படித் தயாரானது என்பதைப் பொறுத்தது. நிறைய 'திரைக்கதை'கள் முடிந்த படத்தைப் பார்த்து எழுதியவை. சோதித்துப் பார்க்க வழி உண்டு: காட்சி எண்கள் 1 முதல் கடைசி வரை இடைவெளியில்லாமல் ஓடுகிறதா? 42ஏ போன்ற நடுச்செருகல் ஒன்றுகூட இல்லையா? படத்தில் இல்லாத காட்சி ஒன்றும் கிடையாதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது பெரும்பாலும் படத்திலிருந்து இறக்கியது. படப்பிடிப்புக்குப் போன பிரதியில் தழும்பு இருக்கும். ஒன்லைன் (கதைச் சுருக்கம்), சீன் ஆர்டர் (காட்சி வரிசை), வசனத்தோடு முழுப் பிரதி என மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் புத்தகம் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். ஆரம்பப் பயிற்சிக்கு சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' போதும், அதற்கு மேல் பத்துப் புத்தகம் வாங்குவது எழுதாமல் தள்ளிப்போடும் வழி.

கேள்வி: நடிகர்களின் சுயசரிதைகள்?

தொடராக வந்ததா, சொல்லக் கேட்டு வேறொருவர் எழுதியதா என்று பாருங்கள். எம்.ஜி.ஆரின் 'நான் ஏன் பிறந்தேன்' விகடனில் வாராவாரம் வந்தது. தொடருக்கே உரிய தாவலும் திரும்பச் சொல்லலும் அதில் உண்டு, முழு வாழ்க்கையையும் அதில் தேடாதீர்கள். நாடகக் கம்பெனி நாட்களின் பசியைப் பற்றிய பகுதிகளைச் சண்முகத்தின் நூலோடு வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில் ஒன்று?

தியடோர் பாஸ்கரனின் 'தி ஐ ஆஃப் தி செர்பென்ட்', சினிமா நூலுக்கான தேசிய விருது பெற்றது. தமிழிலேயே வேண்டுமென்றால் அவருடைய 'எம் தமிழர் செய்த படம்'.