கிறிஸ்துவுக்கு நாளை தெரியும் என்று நம்புகிறேன், அப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை?

"இயேசுவுக்கு என் எதிர்காலம் முழுக்கத் தெரியும் என்று நம்புகிறேன். ஆனாலும் வேலை, உடம்பு, பிள்ளைகள் என்று தினமும் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். என் விசுவாசத்தில் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு என்று நான் நினைக்கவில்லை. அப்படியே இருந்தாலும் அதே கோளாறு எனக்கும் உண்டு, அதனால் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

போன வருடம் ஒரு பயாப்ஸி முடிவுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். முடிவு வந்ததும் இணையத்தில் ஏற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். அந்த நேரத்தில் யாரும் எதையும் ஏற்றப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன். 'பரிசீலனையில்' என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கும். போனைக் கவிழ்த்து வைப்பேன், ஐந்து நிமிடம்கூட ஆகாது, திரும்ப எடுப்பேன். அந்த ஒன்பது நாளும் என் ஜெபம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இவ்வளவுதான்: "ஆண்டவரே, உமக்குத் தெரியும் அல்லவா, எனக்கும் சொல்லிவிடுமே." ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில், என்னவெல்லாம் ஆகலாம் என்று வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தது.

தெரிந்துவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோவான் 18:4 என்ன சொல்கிறது? "இயேசு தமக்கு நேரிடப்போகிற எல்லாவற்றையும் அறிந்து" பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டு போனார். எல்லாவற்றையும் அறிந்த அதே மனிதர், அதே ராத்திரியில், அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழும்படி ஜெபம்பண்ணினார் என்று லூக்கா எழுதுகிறார். நாளை நடக்கப்போவது தெரிந்தவருக்கே அந்த ராத்திரி அப்படி இருந்தது. அப்படியென்றால் என் போனில் ஒரு வார்த்தை மாறியிருந்தால் மட்டும் எனக்கு என்ன பெரிய அமைதி வந்திருக்கும்? ஒரு பயம் போய் இன்னொன்று வந்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு உதவியது இயேசுவின் சீஷரான பேதுரு. அவருடைய கதையை இந்த ஒரு கேள்வியோடு வாசித்துப் பாருங்கள்: இவருக்கு என்ன நடக்கும் என்று இயேசுவுக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்?

கடைசி இராப்போஜனத்தில் பேதுரு வீராவேசமாகப் பேசுகிறார், காவலுக்கும் சாவுக்கும் கூடவே வருவேன் என்று. சேவல் கூவுமுன் என்னைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலிப்பாய் என்று இயேசு சொல்லிவிட்டார். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அதற்குச் சற்று முன்னால் அவர் சொன்னதை நான் ரொம்ப நாள் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். கோதுமையைச் சுளகில் புடைக்கிறதுபோல உங்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்கிறார் (லூக்கா 22:31, 32). 'குணப்பட்டால்' என்று இல்லை, 'குணப்பட்டபின்பு'. பேதுரு இன்னும் விழவே இல்லை. விழுந்து, அழுது, எழுந்து, அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை வரைக்கும் இயேசு பார்த்தாகிவிட்டது. வேண்டிக்கொள்வதும் முடிந்துவிட்டது, "வேண்டிக்கொண்டேன்" என்கிறார். புடைக்கவே விடமாட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இது எனக்கு இன்னமும் கொஞ்சம் உறுத்துகிற இடம்தான், மறைக்க விரும்பவில்லை.

உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இன்னொரு பேச்சு (யோவான் 21). நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான் என்கிறார். எப்படி மரிப்பார் என்பதைக் குறித்து இப்படிச் சொன்னார் என்று யோவானே விளக்கமும் எழுதிவிடுகிறார். நமக்கு யாராவது இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! பேதுரு உடனே என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் பார்த்து, பின்னால் வந்துகொண்டிருந்த சீஷனைக் காட்டி, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்று கேட்டார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் என் கவலையில் பாதி அடுத்தவரின் வாழ்க்கையோடு என்னுடையதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் போகிறது. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வந்தது. வெட்டென்று.

அப்புறம் சில வருடம் கழித்து, அப்போஸ்தலர் 12. ஏரோது அகிரிப்பா ராஜா இன்னொரு சீஷரான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான், பேதுருவையும் பிடித்து வைத்திருக்கிறான். இந்த ஏரோது கி.பி. 44-ல் செத்தான், ஆக இது அந்தக் காலகட்டம். காவலுக்கு நான்கு நான்கு பேராக நான்கு வகுப்பு, மொத்தம் 16 சேவகர். விடிந்தால் ஜனங்களுக்கு முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அந்த ராத்திரி பேதுரு இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகருக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா கண்ணயர்ந்த தூக்கம் இல்லை. அறைக்குள் வெளிச்சம் வந்தும் எழவில்லை, தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

எப்படித் தூங்கினார்? வேதம் காரணம் சொல்லவில்லை. என் ஊகம் இது: 'நீ முதிர்வயதுள்ளவனாகும்போது' என்று ஆண்டவர் சொன்னது அவர் காதில் இருந்திருக்கும், நமக்கு இன்னும் அந்த வயசு வரவில்லையே என்று நினைத்திருக்கலாம். ஆனால் அது மட்டும் என்றால் உங்களுக்கும் எனக்கும் பிரயோஜனமில்லை, நம்மிடம் யாரும் வயசுக் கணக்கு சொல்லவில்லை. தான் கேவலமாக விழுந்த ராத்திரியை முன்பே அறிந்திருந்தும் தன்னைக் கைவிடாத ஒருவர் கையில்தான் விடியப்போகிற நாளும் இருக்கிறது என்பது அவருக்கு அனுபவமாகவே தெரியும். நான் பற்றிக்கொள்வது அதைத்தான். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிற வசனம் பேதுருவின் முதல் நிருபத்தில்தான் வருகிறது (5:7). கவலையே தெரியாத ஆள் சொன்ன வார்த்தை இல்லை அது.

இரண்டு ஆட்சேபம் வரும், இரண்டையும் நானே கேட்டிருக்கிறேன்.

ஒன்று, மாற்கு 13:32. தாம் திரும்பி வரப்போகிற அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று இயேசுவே சொல்கிறாரே, அப்புறம் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எப்படிச் சொல்வது? மனிதனாக வந்தபோது அவர் ஏற்றுக்கொண்ட எல்லை அது என்று சபையின் பழைய போதகர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் இந்த வசனத்தில் எனக்குப் பிடித்தது வேறு. தமக்குத் தெரியாது என்று சொன்ன இடத்தில்கூட அவரிடம் பதற்றம் இல்லை, பிதா அறிவார் என்று விட்டுவிடுகிறார்.

இன்னொன்று, கவலைப்படுவதே பாவம் என்று சிலர் மிரட்டுவது. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களிடமும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல்தான், எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கும் எழுதினார் (2 கொரிந்தியர் 11:28). அதே பிலிப்பியர் நிருபத்தில் தீமோத்தேயு உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிப்பான் என்று பாராட்டுகிற இடத்தில் வருவதும் 'கவலைப்படுதல்' என்பதற்கான அதே கிரேக்கச் சொல்தான். பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு அக்கறை இருக்கத்தான் வேண்டும். நாளைய பாரத்தை இன்றைக்கே தூக்கிப் பார்க்கிறோமே, அதைத்தான் இயேசு வேண்டாம் என்றார். நாளைக்குப் பாடே இருக்காது என்று அவர் சொல்லவில்லையே, அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்றுதான் சொன்னார்.

சரி, நடைமுறையில் என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. விழிப்பு வந்தால் போனை எடுப்பதில்லை, அது வேறு அறையில் இருக்கிறது. விடிந்ததும் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதை ஒரு வரி எழுதி வைக்கிறேன், டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதுபோல. மீதியைப் பெயர் சொல்லி அவரிடம் சொல்கிறேன், "இது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்" என்று. சில ராத்திரி அதற்குள் தூக்கம் வந்துவிடும். சில ராத்திரி வராது, நேற்று வரவில்லை. வாரக்கணக்காக இப்படியே போனால் டாக்டரைப் பாருங்கள், ஜெபிக்கிறவன் டாக்டரிடம் போகக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

அந்தக் கவர் இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. பதினொன்றில் ஒன்று நடந்தது, நான்காவதாக எழுதியிருந்தது. அறுவை சிகிச்சை. அன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தது நான் பல வருடமாகப் பேசாமல் இருந்த என் அண்ணன். அது அந்தக் கவரில் எங்கேயும் இல்லை.

அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை. ஞாபகம் இருந்தால் எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள், நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.