எம்பேனல்: ஜூரியை அமர்த்தும் வினைச்சொல் – கேள்வி பதில்

நீதிமன்றத் தாள்களை மொழிபெயர்ப்பது என் தொழில். வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் குழுதான் ஜூரி. அதை அமர்த்துவதைச் சொல்லும் 'எம்பேனல்' என்ற ஆங்கில வினைச்சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

டொரொண்டோவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஜூரி டியூட்டிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. வேலையிடத்தில 'ஐ ஹாவ் பீன் எம்பேனல்ட்' எண்டு மின்னஞ்சல் போட்டுட்டன். பிழையோ?

பிழைதான் தம்பி, இன்றைக்கே திருத்தி அனுப்பிவிடுங்கள். கடிதம் வந்தவர் அழைக்கப்பட்டவர், அவ்வளவுதான். 'ஐ ஹாவ் பீன் சம்மன்ட் ஃபார் ஜூரி டியூட்டி' என்று எழுதுங்கள். வந்தவர்களில் குலுக்கலில் பெயர் எடுப்பார்கள், ஆட்சேபணை இருந்தால் கேட்பார்கள். காரணமே சொல்லாமல் ஒருவரை வேண்டாம் என்று தள்ளும் உரிமை கனடாவில் 2019 செப்டம்பரோடு போய்விட்டது. கடைசியில் 12 பேரும் அமர்ந்த பிறகுதான் 'தி ஜூரி வாஸ் எம்பேனல்ட்'. தனி ஆளுக்கும் இந்தச் சொல்லைப் போடுவதுண்டு. ஆனால் குழுவுக்குப் போடுவதுதான் இயல்பு. உங்களைத் தேர்ந்தெடுத்தால் 'செலக்டட்' என்றோ, உறுதிமொழி எடுத்தபின் 'ஸ்வார்ன் இன்' என்றோ சொல்லலாம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஈ-யில் (empanel) தொடங்குவதா, ஐ-யில் (impanel) தொடங்குவதா?

இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் இறந்தகாலத்துக்கு இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: 'டிஃபென்ஸ் வக்கீல் ஜூரியை எம்பேனல் செய்தார்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். வக்கீல்கள்தானே கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அடித்தது சரிதான் அம்மா. கேள்வி கேட்பது வேறு, அமர்த்துவது வேறு. அமெரிக்காவில் வக்கீல்கள் கேள்வி கேட்கலாம், சிலரை நீக்கச் சொல்லலாம். அந்தக் கட்டத்துக்கு 'வோய்ர் டயர்' என்று பெயர். இவர்கள்தான் ஜூரி என்று முடித்து அமர்த்துவது நீதிமன்றம். ஆகவே எழுவாய் நீதிபதியாகவோ நீதிமன்றமாகவோ இருக்க வேண்டும், செயப்படுபொருள் ஜூரியாக இருக்க வேண்டும்: 'தி ஜட்ஜ் எம்பேனல்ட் எ ஜூரி'. வெறுமனே 'தி ஜட்ஜ் எம்பேனல்ட்' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

சொல்லின் பிறப்பு தெரிந்தால் இது மனதில் நிற்கும். லத்தீனில் 'பன்னுஸ்' என்றால் துணி. அது பிரெஞ்சு வழியாக வந்து, ஜூரிக்கு வர வேண்டியவர்களின் பெயர் எழுதிய தோல் துண்டுக்குப் பெயரானது. அதில் பெயர் ஏற்றுவதுதான் முதலில் எம்பேனல். இன்று அமர்த்தி முடிப்பதற்கே வழங்குகிறது.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ல் தீர்த்த கிறிஸ்ட் எதிர் பிரெட்ஸ் வழக்கு. மொன்டானா மாநிலத்தில் ஜூரி அமர்ந்து உறுதிமொழியும் எடுத்தாகிவிட்டது. முதல் சாட்சி இன்னும் கூண்டேறவில்லை. குற்றச்சாட்டுத் தாளில் வருடம் தவறாக அச்சாகியிருந்தது. திருத்த நீதிபதி அனுமதிக்கவில்லை. அரசுத் தரப்பு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, புதிதாகத் தாக்கல் செய்து மறுபடி விசாரித்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரணைக்கு உள்ளாக்கக் கூடாது என்ற பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது? முதல் சாட்சி உறுதிமொழி எடுக்கும்போது என்றது மொன்டானா சட்டம். ஜூரி எம்பேனல் ஆகி உறுதிமொழி எடுத்த கணமே என்றது உச்ச நீதிமன்றம். இரண்டாவது விசாரணை செல்லாமல் போனது. அழைப்பு அனுப்பியதற்கும் கேள்வி கேட்டதற்கும் இதே சொல்லைப் போட்டால், ஒருவருடைய உரிமை எந்தக் கணத்தில் பிறந்தது என்பதே மொழிபெயர்ப்பில் மாறிவிடும்.

நாளிதழ் உதவி ஆசிரியர்: இன்சூரன்ஸ் திட்டத்தில் 'எம்பேனல் ஆன ஆஸ்பத்திரி' என்கிறார்களே, அது தவறான பயன்பாடா?

தவறில்லை. இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்தபோது குற்ற வழக்குகளில் ஜூரிக்கு இடமில்லாமல் போனது. வினைச்சொல் மட்டும் ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் பேனலுக்கும் ஐ.ஏ.எஸ். பதவி உயர்வுக்கும் நிலைத்துவிட்டது. அங்கே 'பட்டியலில் சேர்க்கப்பட்ட' என்று மொழிபெயர்க்கலாம். ஜூரிக்கு அதே தமிழைப் போடாதீர்கள். பட்டியலில் இருப்பவர் இன்னும் ஜூரி ஆகவில்லை. 'ஜூரி அமர்த்தப்பட்டது' என்பதுதான் பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட மேல் நீதிமன்றத்தில ஜூரி சபை இன்னும் இருக்குது. செய்தியில எப்பிடி எழுதிறது?

உங்களுக்குத்தான் இந்தச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜூரி சபைக்கு 7 பேர், தீர்ப்புக்குக் குறைந்தது ஐவர் ஒத்துப்போக வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் பேசுவோரில் எந்தத் தொகுதியிலிருந்து ஜூரி வேண்டும் என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தேர்ந்துகொள்ளலாம். அதனால் 'சிங்களம் பேசும் ஜூரி சபை அமர்த்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி விழுங்கப்படும். 'எதிரிகளின் விருப்பப்படி' என்பதையும் சேருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கில் 2016ல் சர்ச்சையே அதில்தான் இருந்தது. எதிரிகள் கேட்ட சிங்களம் பேசும் ஜூரி அவர்களை விடுதலை செய்தது.

'1945ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜூரி எம்பேனல் ஆகி நடிகர் தியாகராஜ பாகவதருக்குத் தண்டனை விதித்தது' – இந்த வாக்கியம் சரியா?

முன்பாதி சரி. பின்பாதியில், குற்றவாளி என்று சொன்னதுதான் ஜூரி, தண்டனை விதித்தவர் நீதிபதி.

ஜூரியைக் கலைப்பதற்கு என்ன வினை?

'டிஸ்சார்ஜ்'. 'டிஸ்மிஸ்' என்றும் எழுதுகிறார்கள். வழக்கே தள்ளுபடியானது போலப் படிக்க வாய்ப்பிருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.