கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிற வேதம்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் கணித ஆசிரியர், வயது 44. வீட்டில் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், அம்மா. மூன்று வருடமாக அதிகாலை நாலரைக்கு எழுந்து மெக்ஷெயின் வேத வாசிப்பு அட்டவணைப்படி தினமும் நாலு அதிகாரம் வாசித்து வருகிறேன், ஒருநாள்கூட விட்டதில்லை. ஜெபம், பரிசுத்தம், ஆவிக்குரிய வளர்ச்சி பற்றி மாதம் இரண்டு மூன்று புத்தகமாவது வாங்கி முடித்துவிடுவேன். குறிப்பு எழுதிய நோட்டே ஆறு சேர்ந்துவிட்டது. ஆனாலும் உள்ளே வறட்சிதான். முன்பெல்லாம் ஒரு வசனம் வாசித்தால் கண் கலங்கும், இப்போது ஒன்றும் ஆவதில்லை. போன மாதம் மூன்று நாள் லீவு போட்டு ஒரு உபவாசக் கூடுகைக்குப் போய்வந்தும் பலனில்லை. அம்மாவுக்குக் கண்புரை, வாசிக்க முடியவில்லை என்பதால் பழைய செல்போனில் ஆடியோ பைபிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சத்தம் கவனத்தைக் கெடுப்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஆபரேஷனைப் பெரிய லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். நான் மொழிபெயர்ப்பை மாற்றிப் பார்க்கலாமா? அடுத்து வாசிக்க வேண்டிய ஐந்து புத்தகங்களைச் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, வறட்சி எல்லாருக்கும் வருவதுதான், விடாமல் வாசியுங்கள், ஒருநாள் பழைய கண்ணீர் திரும்பி வரும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆவிக்குரிய வறட்சி என்று இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் ஏராளம். வாசிப்பு, ஜெபம், உபவாசம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள், நடுவில் எங்கோ வீட்டில் இருக்கிற ஒருவரைப் பற்றி ஒரே ஒரு வரி வரும், அதுவும் போகிற போக்கில். உங்கள் கடிதத்தில் அந்த வரி அம்மாவின் செல்போன் சத்தம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாலரை மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு அறையில் அம்மா, கண் தெரியாமல், முன்பின் அறியாத யாரோ ஒருவருடைய பதிவு செய்த குரலில் ஏசாயாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த அறையில் அவர் பெற்ற பிள்ளை அதே ஏசாயாவை மனதுக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறான். தாய் கேட்கிற வேதம் மகன் வாசிக்கிற வேதத்துக்கு இடைஞ்சலாம், அதனால் நடுவில் ஒரு கதவு. இதை எழுதும்போது உங்கள் கை ஒரு நொடி நிற்கவில்லையே என்பதுதான் எனக்குக் கோபம்.

அந்தப் பழைய செல்போனை ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். தடவிப் பார்க்க அதில் பொத்தான்கூடக் கிடையாது, எல்லா இடமும் வழவழவென்று ஒரே கண்ணாடி. ஒரு அதிகாரம் முடிந்து அடுத்தது தானாக ஓடினால் சரி. விரல் தெரியாமல் ஓரத்தில் பட்டு ஏசாயாவிலிருந்து லேவியராகமத்துக்குத் தாவிவிட்டால், நடுவில் ஏதாவது விளம்பரம் அலறினால், சார்ஜ் இறங்கி அணைந்தே போனால், அவர் யாரைக் கூப்பிடுவார்? நீங்கள்தான் கதவுக்குப் பின்னால் இருக்கிறீர்களே. அநேகமாக உங்கள் மனைவிதான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்து சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைக்கிறேன். அவரைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

மூன்று வருடம் அந்த அட்டவணைப்படி வாசித்தால் பழைய ஏற்பாடு மூன்று முறை, புதிய ஏற்பாடு ஆறு முறை முடிந்திருக்கும். அப்படியென்றால் மாற்கு 7ஆம் அதிகாரத்தை ஆறு முறை தாண்டிப் போயிருக்கிறீர்கள். எருசலேமிலிருந்து வந்த பரிசேயரும் வேதபாரகரும் கை கழுவாமல் சாப்பிடுகிற சீஷர்களைக் குறை சொல்கிறார்கள். இயேசு பதிலுக்கு ஏசாயாவை எடுத்து அவர்கள் முன் வைக்கிறார்: உதடுகளினால் கனம்பண்ணுகிறார்கள், ‘இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது.’ நீங்கள் வறட்சி என்று சொல்கிறீர்களே, அது இதுதான், இதற்கு வேறு பெயர் தேட வேண்டாம். அதோடு அவர் நிறுத்தவில்லை. இருதயம் விலகிப்போனதற்கு அடுத்த சில வசனங்களிலேயே ஒரு உதாரணம் சொல்கிறார், அது என்ன உதாரணம் தெரியுமா? பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை, இது கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லிக் கைகழுவுகிற பிள்ளை. அத்தனை உதாரணங்கள் இருக்க, தாய் தகப்பனை எடுத்தார். அதைச் சொன்னது யாரிடம்? அந்த நாட்டிலேயே வேதத்தை அதிகமாக வாசித்தவர்களிடம்.

உங்கள் கடிதத்தை இந்த அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உபவாசக் கூடுகைக்கு மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது, அம்மாவின் கண்ணுக்கு மட்டும் பெரிய லீவு வர வேண்டும். புத்தகம் வாங்க மாதாமாதம் பணம் இருக்கிறது, நாலரை மணிக்கு எழும்ப பலம் இருக்கிறது, நாலு அதிகாரத்துக்கு நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு என்று போனது எது? வீட்டில் யாருக்கும் வேண்டாத ஒரு போன். உங்கள் காலை நேரத்தையே கொர்பான் ஆக்கி வைத்திருக்கிறீர்கள் தம்பி.

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னதும் இயேசுதானே என்று கேட்பீர்கள். மத்தேயு 6ஐ முழுக்க வாசியுங்கள். மனுஷர் காண வேண்டும் என்று தெருச்சந்தியில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிய பேச்சு அது. பெருமைக்கு எதிராகப் பூட்டச் சொன்ன கதவை நீங்கள் பெற்ற தாய்க்கு எதிராகச் சாத்தியிருக்கிறீர்கள்.

நீங்கள் அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிற அந்த அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் போட்ட ராபர்ட் மர்ரே மெக்ஷெயின் ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் போதகராக இருந்தவர். தன் சபை மக்களுக்காக 1842இல் அதைத் தயாரித்தார், அடுத்த வருடமே 29 வயதில் இறந்துபோனார். அவர் போட்ட அட்டவணையில் நாலு அதிகாரமும் ஒரே கட்டாக இருக்காது. இரண்டு, குடும்பமாகக் கூடி வாசிக்க. இரண்டு, தனியாக வாசிக்க. கைக்குக் கை மாறி, செல்போன் செயலி வரை வந்து சேர்ந்ததில் அந்தப் பிரிவு பல இடங்களில் உதிர்ந்துபோய், நாலையும் ஒருவரே முடித்து டிக் போடுகிற கணக்காகிவிட்டது. அட்டவணையால் வரக்கூடிய ஆபத்துகளையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்: வெறும் சடங்காகிப் போவது, இன்றைய பங்கை முடித்துவிட்டேன் என்ற சுயதிருப்தி, கவனமில்லாமல் ஓட்டுவது, சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. முதல் இரண்டும் உங்களைப் பிடித்திருக்கிறது. ஒருநாள்கூட விட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொருதரம் வாசித்துப் பாருங்கள்.

தனியாக, சத்தமில்லாமல், கதவுக்குள் வாசிப்பதுதான் ஆழமான வாசிப்பு என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. வேதத்துக்குள்ளேயே அப்படி இல்லை. நெகேமியா 8இல் வேதபாரகன் எஸ்றா தண்ணீர்வாசலுக்கு முன்னே நின்று காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்க, ஆண்களும் பெண்களும் நின்று கேட்கிறார்கள், வாசித்ததற்கு அர்த்தமும் சொல்லப்படுகிறது, கேட்டவர்கள் அழுகிறார்கள். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்ததால்தான் சுவிசேஷகனான பிலிப்புவின் காதில் விழுந்தது, அதிலிருந்துதான் அந்த மந்திரியின் ஞானஸ்நானம் வரை போயிற்று. வெளிப்படுத்தல் 1:3ஐக் கவனியுங்கள்: வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அந்தப் புத்தகம் எதிர்பார்க்கிற ஏற்பாடே. கேட்கிறதற்கு ஆள் உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறார்.

புத்தகங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்து வரச் சொல்கிறார், குளிருக்கு அங்கி எவ்வளவு அவசியமோ புத்தகமும் அவ்வளவு அவசியம் அவருக்கு. ஆனால் அதே கடிதத்தை எப்படித் தொடங்குகிறார்? உன் பாட்டி லோவிசாள், உன் தாய் ஐனிக்கேயாள் என்று பெயர் சொல்லித் தொடங்குகிறார். சிறுவயது முதல் வேத எழுத்துகளை அறிந்தவன் என்று தீமோத்தேயுவைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். உங்களுக்கு முதல் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்து ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பியது யார்?

உங்கள் அலமாரியில் மோட்சப் பிரயாணம் நிச்சயம் இருக்கும். 1678இல் வந்த அந்தக் கதையின் முதல் பாகத்தில் கதாநாயகன் கிறிஸ்தியான் தன் வீட்டைவிட்டு ஓடுகிறான், மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிட விரலால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். பக்தி என்றால் அதுதான் என்று நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதை எழுதிய ஜான் பனியன் நிற்கவில்லை. 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, அந்த மனைவியையும் நாலு பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுவும் கிறிஸ்தியானின் வீட்டார் அவனைத் திரும்பி வா என்று கூப்பிட்டார்கள். உங்கள் அம்மா உங்களைத் திரும்பி வரச் சொல்லவில்லை, நீங்கள் போகிற இடத்துக்கே கூட வருகிறேன் என்கிறார். அவருக்கு எதற்குக் காதைப் பொத்துகிறீர்கள்?

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் கண். புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தது பழைய காலத்து வழக்கம், இப்போது அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. அளவுக்கு மீறி முற்றினால் ஆபரேஷன் சிக்கலாகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி உள்ள பார்வையும் போகும், இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது வேறு கஷ்டம். பெரும்பாலும் காலையில் போய் அன்றைக்கே வீடு திரும்புகிற சிகிச்சை இது. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் பக்கத்துத் திருநெல்வேலியிலேயே இருக்கிறது, அரசு மருத்துவமனையும் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதைப் பார்த்து டாக்டர் தேதி சொல்வார். இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். மனைவியை அனுப்பிவிட்டு நீங்கள் பள்ளிக்குப் போகக் கூடாது.

அடுத்து, நாளைக் காலையிலிருந்தே நாலு அதிகாரத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு அதிகாரத்தை அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். ரூத்தில் தொடங்கலாம், நாலே அதிகாரம், அதிலும் ஒரு முதியவளை விட்டுப் போக மாட்டேன் என்று சொன்ன ஒருத்தியின் கதை. அப்புறம் 120இலிருந்து 134 வரை ஆரோகண சங்கீதங்கள், அதற்குப் பிறகு மாற்கு. அவர் நடுவில் குறுக்கிடுவார், வசனத்தை உங்களுக்கு முன்னாலேயே மனப்பாடமாகச் சொல்லி முடிப்பார், சொன்னதையே திரும்பச் சொல்வார், சம்பந்தமே இல்லாமல் உங்கள் அப்பாவைப் பற்றி ஏதாவது பேச ஆரம்பிப்பார். நிறுத்திக் கேளுங்கள். அதிகாரம் முடியாவிட்டால் பரவாயில்லை. மாலை ஜெபத்தில் மகள் வாசிக்கட்டும். இப்போதைய பிள்ளைகள் பைபிள் தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள், அவள் தடுக்குகிற இடத்தைப் பாட்டி காதாலேயே கேட்டுத் திருத்துவார். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவே வாசிக்க முடிந்தாலும் இதை நிறுத்த வேண்டாம்.

மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டியதில்லை. 1871இல் பவர் ஐயர் என்ற மிஷனெரியின் குழுவினர் முடித்த பழைய திருப்புதல்தான் அம்மாவுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், அதையே வாசியுங்கள், விளங்காத இடத்துக்கு மட்டும் புதியது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கண்டிப்பான ஆள் என்று சொல்வார்கள், சொல்லட்டும். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதைவிடக் கடுமையாக நான் ஒன்றும் சொல்லிவிடவில்லை. வயதான தாயைப் பார்ப்பதை, ஊழியம் தியானம் எல்லாம் முடித்து மிச்ச நேரத்தில் செய்கிற வேலையாக நினைக்கிற கிறிஸ்தவம் எனக்குப் புரியவே இல்லை. முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாதிரும் என்று 71ஆம் சங்கீதக்காரன் கர்த்தரிடம் கெஞ்சுகிறான். உங்கள் அம்மா அந்த வசனத்தைத் தினமும் சொல்கிறாரோ என்னவோ, அதற்குப் பதில் உங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

ஐந்து புத்தகங்கள் கேட்டிருந்தீர்கள். ஆபரேஷனுக்கு என்ன தேதி கிடைத்தது என்று எழுதுங்கள், அப்போது தருகிறேன். அதுவரை புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.