லேகோஸ் கல்யாணம்: நீங்க கேட்டது, எனக்குத் தெரிஞ்சது

நைஜீரியால லேகோஸ்ல 11 வருஷமா இருக்கேன். எங்க பக்கத்து வீட்டு யொருபா இனத்துப் பொண்ணு கல்யாணத்துக்குப் போன போட்டோ பாத்துட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீங்க, ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்து இங்க பதில் எழுதறேன்.

கேள்வி: அக்கா, ஆப்பிரிக்கா கல்யாணம்னா எல்லாரும் இந்த ட்ரெஸ் தான் போடுவாங்களா?

இல்லப்பா. ஆப்பிரிக்கா கல்யாணம்னு ஒண்ணு தனியா கிடையவே கிடையாது. நைஜீரியாவுக்குள்ளயே 250 இனத்துக்கு மேல இருக்காங்க, ஆளாளுக்கு துணி வேற சடங்கு வேற. நான் கிட்ட இருந்து பாத்தது யொருபா கல்யாணம், அப்புறம் கொஞ்சம் இக்போ கல்யாணம். அதனால அத மட்டும் தான் சொல்றேன். அந்த போட்டோல இருக்கறது யொருபா.

கேள்வி: பொம்பளைங்க தலையில பெரிய பூ மாதிரி இருக்கே, அது தொப்பியா?

தொப்பி இல்ல, துணி. கெலேன்னு பேரு. நீளமா விறைப்பா இருக்கற துணிய நெத்தியில வச்சு பின்னாடி இழுத்து முடிஞ்சு, மடிப்பு மடிப்பா விரிச்சு விடுவாங்க. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, கல்யாணத்தன்னைக்கு காலைல அவங்க முன்னாடி வரிசையா உக்காந்திருப்பாங்க. எனக்கு கட்டிவிட்ட பாட்டிம்மா ஒரு யொருபா பழமொழி சொன்னாங்க, கெலே வச்சிருந்தா பத்தாது கட்டத் தெரியணும், கட்டத் தெரிஞ்சாலும் பத்தாது அது முகத்துக்கு எடுபடணும்னு. இப்போ தச்சு ரெடியா விக்கற கெலேவும் வந்துருச்சு, அவசரத்துக்கு சரி, ஆனா கையால கட்டினதோட அழகு அதுல வராது.

மத்தபடி பொம்பளைங்க இடுப்புல சுத்தறது ஈரோ, மேல போடறது பூபா, தோள்லயோ கையிலயோ போட்டுக்கற துண்டு இபெலே. ஆம்பளைங்களுக்கு பூபா, ஷோகோட்டோன்னு பேண்ட், அதுக்கு மேல அக்பாடான்னு பெரிய அங்கி, தலையில ஃபிலா. அக்பாடா கைய ரெண்டு தோள் மேலயும் மடிச்சு மடிச்சுத் தூக்கி விட்டுக்கிட்டே இருப்பாங்க, அந்த தூக்கி விடற ஸ்டைல்லயே ஒரு கம்பீரம் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேர் கழுத்துலயும் கையிலயும் செவப்பு பவளமணி, அத இயுன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல நகைக்கு உள்ள இடம் அங்க அதுக்கு.

கேள்வி: அது என்ன துணி? பட்டா?

இந்தக் கேள்விக்காகத் தான் காத்திருந்தேன். அஷோ ஓகே. கைத்தறி. ஓயோ மாநிலத்துல இசெயின்னு ஒரு ஊர், அஷோ ஓகேன்னாலே எல்லாரும் அந்த ஊரத் தான் சொல்வாங்க. ஒல்லியான தறியில நாலு விரக்கட அகலத்துக்கு மேல கொஞ்சம் இருக்கற நீளப் பட்டையா நெய்து, அந்தப் பட்டைங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு தச்சு தான் முழுத்துணி ஆக்குவாங்க. கிட்ட போய் பாத்தீங்கன்னா அந்த ஜாயின்ட் கோடு தெரியும், அது குறை இல்ல, அதான் அடையாளம்.

பழைய வகை மூணு. எத்துன்னா கருநீலம், அவுரிச் சாயம், மெல்லிசா வெளிர் கோடு ஓடும், எத்துன்னா கினிக்கோழின்னு அர்த்தம், அதோட புள்ளி இறகு மாதிரி இருக்கும்ங்கறதால அந்தப் பேரு. சன்யான் பழுப்பு நிறம், காட்டுப் பட்டுப்புழுவோட நூல்ல செய்யறது. அலாரி நல்ல செவப்பு. இப்போ வர்ற துணில நிறைய ஜரிகையும் செயற்கை நூலும் தான், கலர் எது வேணும்னாலும் கிடைக்கும். ஆனா ஒரு வயசான அம்மா பெட்டியில இருந்து எடுத்த சன்யான் கட்டிட்டு வந்து உக்காந்தா அந்த ஹால்ல எல்லார் கண்ணும் அங்க தான் போகும், நான் பாத்திருக்கேன்.

கேள்வி: எல்லாரும் ஒரே கலர்ல இருக்காங்களே, யார் வாங்கித் தர்றது?

யாரும் தர மாட்டாங்க, அவங்கவங்க காசு. அஷோ எபின்னா குடும்பத் துணின்னு அர்த்தம். பொண்ணு வீட்டுக்கு ஒரு கலர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு, ஃப்ரெண்ட்ஸுக்கு ஒண்ணுன்னு முன்கூட்டியே துணி செலக்ட் பண்ணி விலையும் சொல்லிருவாங்க, நாம வாங்கி நமக்குப் புடிச்ச மாதிரி தச்சுக்கணும். உள்ள நுழைஞ்ச உடனே யாரு எந்தப் பக்கம்னு துணியே சொல்லிரும். எனக்கு பக்கத்து வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு துணிய காட்டி இத வாங்கி தச்சுக்கோன்னு சொன்னப்போ கண்ணு கலங்கிருச்சு, ஃப்ரெண்ட்ஸ் துணி சொல்லியிருந்தாலே எனக்கு சந்தோஷம் தான், ஆனா அவங்க வீட்டு ஆளா நிக்கச் சொன்னாங்க.

இதுல கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். லேஸ் துணின்னா விலை ஏறும், ஆஸ்திரியால இருந்து வர்ற எம்ப்ராய்டரி லேஸ் எல்லாம் இங்க ரொம்ப வருஷமா பெரிய மரியாதை. மாசத்துக்கு நாலு கல்யாணம்னா சம்பளத்துல பாதி துணிக்கே போயிரும், கடன் வாங்கி வாங்கறவங்களும் உண்டு. கெலே மட்டும் வாங்கி சொந்த ட்ரெஸ்ஸோட கட்டிட்டு வந்தாலும் ஏத்துக்கணும்னு தான் நான் சொல்வேன். நல்ல குடும்பங்கள் ஏத்துக்கறாங்க.

கேள்வி: சடங்கு என்ன? தாலி மாதிரி ஏதாவது உண்டா?

தாலி இல்ல. சர்ச் கல்யாணமோ நிக்காவோ தனியா நடக்கும், அதுக்கு முன்னாடி குடும்பமும் குடும்பமும் சேர்ற சடங்கு தான் நான் சொல்றது. ரெண்டு பக்கத்துக்கும் பேச்சாளர் மாதிரி ஒரு அம்மா இருப்பாங்க. மாப்பிள்ளை பக்கம் அலாகா இடுரோ, பொண்ணு பக்கம் அலாகா இஜோகோ, அதாவது நிக்கறவங்க உக்காந்திருக்கறவங்கன்னு அர்த்தம். கேக்க வந்தவங்க நிப்பாங்க, குடுக்கறவங்க உக்காந்திருப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் பாட்டும் கிண்டலுமா மொத்த நிகழ்ச்சியையும் நடத்துவாங்க, நடுநடுவுல மாப்பிள்ளை பக்கத்துகிட்ட காசும் கறப்பாங்க.

மாப்பிள்ளை தன்னோட ஃப்ரெண்ட்ஸோட வந்து பொண்ணு வீட்டுப் பெரியவங்க முன்னாடி நெஞ்சு தரையில படற மாதிரி குப்புற விழுந்து கும்பிடணும், இடோபாலேன்னு பேரு. நம்ம நெடுஞ்சாண்கிடை தான். வெள்ளையும் தங்கமுமா புது அக்பாடா போட்டுக்கிட்டு தரையில விழறத பாத்தப்போ எனக்கு புல்லரிச்சிருச்சு. பொண்ணு முக்காடு போட்டு ஆடிக்கிட்டே உள்ள வரும், ரெண்டு பக்கப் பெத்தவங்க முன்னாடியும் மண்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கும்.

அப்புறம் எரு இயாவோ, நம்ம சீர்வரிசை மாதிரி, ஆனா மாப்பிள்ளை வீடு கொண்டு வரணும். யாம்னு சொல்ற வள்ளிக்கிழங்கு 42ன்னு லிஸ்ட் போடுவாங்க, கூட பாமாயில், உப்பு, தேன், கோலாக்கொட்டை, ஒரோக்போன்னு கசப்புக் கோலா, அத்தாரேன்னு ஒரு மிளகு. ஒவ்வொண்ணையும் கையில எடுத்து வாழ்த்துவாங்க, தேன் மாதிரி இனிக்கட்டும், ஒரோக்போ தின்னா முதுமை வரைக்கும் வாழணும், அத்தாரே காய்க்குள்ள இருக்கற விதை மாதிரி புள்ளைங்க பெருகட்டும்னு. பொண்ணுக்குக் குடுக்கற பணத்த நிறைய வீட்டுல அங்கயே திருப்பிக் குடுத்துருவாங்க, நாங்க பொண்ண விக்கல, நல்லா பாத்துக்கோங்கன்னு சொல்லி. கடைசில அத்தனை பரிசுலயும் ஒண்ண எடுக்கச் சொல்வாங்க, பொண்ணு பைபிளையோ குர்ஆனையோ எடுக்கும், மோதிரம் அதுல தான் கட்டியிருக்கும்.

கேள்வி: ஆடறவங்க நெத்தியில காசு ஒட்டறாங்களே, அது ஏன்?

வாழ்த்து தான். கங்கன்னு ஒரு பேசும் மேளம் உண்டு, கக்கத்துல இடுக்கி கயித்த அமுக்கி அமுக்கி அடிச்சா யொருபா பேச்சோட ஏத்த இறக்கம் அப்படியே வரும், உங்க பேரையும் பரம்பரையையும் அதுலயே சொல்லிருவாங்க. அதக் கேட்டுட்டு ஆடாம நிக்க முடியாது, ஆடினா காசு வந்து விழும். ஆனா சட்டப்படி தப்புங்க. 2007 மத்திய வங்கிச் சட்டம் 21வது பிரிவுல நைரா நோட்ட எறியறது, மிதிக்கறதெல்லாம் குற்றம், குறைஞ்சது 6 மாசம் ஜெயில் இல்லாட்டி 50,000 நைரா அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். 2024ல பிரபலமானவங்களயே கோர்ட்டுக்கு இழுத்தாங்க. நீங்க விருந்தாளியா போனா கவர்ல போட்டு குடுங்க.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

கஷ்டம். ஜோலோஃப் சோறு கறித்தண்ணில தான் வேகும். மொயின் மொயின் காராமணி மாவுல இட்லி மாதிரி அவிக்கறது, ஆனா உள்ள மீனோ முட்டையோ இருக்கலாம், கேட்டுக்கோங்க. வறுத்த நேந்திரம், பஃப் பஃப்னு எண்ணெய்ல பொரிச்ச மைதா உருண்டை ரெண்டும் தைரியமா சாப்பிடலாம்.

கேள்வி: மெட்ராஸ் துணி அங்க கல்யாணத்துல கட்டுவாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு, உண்மையா?

தாத்தா சொன்னது உண்மை. இக்போ கல்யாணத்துலயும் நைஜர் டெல்டா பக்கத்துலயும் பொம்பளைங்க இடுப்புல கட்டற துணிக்கு ஜார்ஜ்னு பேரு, செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. மெட்ராஸ் பக்கம் நெய்த கட்டம் போட்ட துணி ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்ங்கற பேர்ல கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. நைஜர் டெல்டால இருக்கற கலபாரி மக்கள் அத இஞ்சிரின்னு கூப்பிடறாங்க, பிளேடு வச்சு நடுவுல சில நூல மட்டும் அறுத்து உருவி புது டிசைன் உண்டாக்குவாங்க, அதுக்கு பெலெத்தே பித்தேன்னு பேரு. நம்ம நெசவாளி நெய்தத அவங்க கை திரும்ப ஒரு தடவ அவங்களுக்குன்னு ஆக்கிக்குது. அவங்க சொந்தத் துணியா, பரம்பரைப் பெட்டியில வைக்கறாங்க.

கேள்வி: அடுத்த மாசம் ஆபீஸ் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு லேகோஸ் வர்றேன். புடவை கட்டலாமா?

தாராளமா கட்டுங்க, பட்டுப்புடவைய தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. ஆனா ஃப்ரெண்டுகிட்ட கலர் கேட்டுட்டு அந்தக் கலர்லயே கட்டுங்க, முடிஞ்சா கெலேவும் வாங்கிக்கோங்க. பெரியவங்களப் பாத்தா கைய நீட்டாதீங்க, லேசா முட்டி மடக்கி "எ கு இனாவோ"ன்னு சொல்லுங்க, இவ்வளவு செலவு பண்ணி நடத்தறீங்களே, நல்லா இருக்கணும்னு அதுக்கு அர்த்தம். அத ஒரு வெளியூர்ப் பொண்ணு வாயில கேட்டா உங்களுக்கு முதல் வரிசைல சேர் போட்டுருவாங்க. சனிக்கிழமை தான் இருக்கும், ட்ராஃபிக் பயங்கரமா இருக்கும், சீக்கிரமே கிளம்புங்க.