கேள்வி – பதில்: கடலுக்கு அப்பால் ஒரு காவல்

கே: லிபியாவிலிருந்து கிளம்பும் அகதிப் படகுகளைப் பிடிக்க லிபியாவுக்கே இத்தாலி படகும் பயிற்சியும் கொடுக்கிறது. தானே தடுத்தால் என்ன?

ப: தடுத்துப் பார்த்து, மாட்டிக்கொண்டது. 2009 மே மாதம் சுமார் 200 பேரை நடுக்கடலில் மறித்து, தன் கப்பல்களில் ஏற்றி, லிபியத் தலைநகர் திரிப்போலியில் இறக்கிவிட்டது. அவர்களில் 24 பேர், சோமாலியரும் எரித்திரியரும், வழக்குப் போட்டார்கள். கப்பல் இத்தாலியுடையது என்றால் அதில் ஏறியவர்களுக்கும் இத்தாலியே பொறுப்பு என்று 2012 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுக்கு 15,000 யூரோ இழப்பீடு.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டின் சூட்சுமமே, ஐரோப்பியக் கை யார்மீதும் படக்கூடாது என்பதுதான். 2017 பிப்ரவரி 2 அன்று லிபியாவுடன் ஒப்பந்தம். மறு வருடம் லிபியாவின் பெயரில் தேடல்-மீட்பு மண்டலம், அதாவது மீட்புப் பணியை ஒருங்கிணைக்க அந்த நாடு பொறுப்பேற்கும் கடல் பகுதி, பதிவானது. இப்போது நடப்பது இது: ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸின் ட்ரோன் மால்டாவிலிருந்து பறக்கிறது. ரப்பர் படகு தென்பட்டால் அது இருக்கும் இடத்தை மீட்பு மையங்களுக்குச் சொல்கிறார்கள், லிபிய மையத்துக்கும்தான். இத்தாலி கொடுத்த ரோந்துப் படகு வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது. கரையேறியதும் தடுப்பு முகாம். ஏட்டில் இதற்குப் பெயர் 'மீட்பு'!

ஓட்டை அங்கேதான். கடல் சட்டப்படி, மீட்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கினால்தான் மீட்பு முடியும். லிபியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடாத நாடு. 2018இல் 101 பேரை லிபியாவில் ஒப்படைத்த இத்தாலிய வணிகக் கப்பலின் கேப்டனுக்கு விதித்த தண்டனையை, லிபியா பாதுகாப்பான துறைமுகம் அல்ல என்று சொல்லி 2024இல் இத்தாலிய உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. கேப்டன் செய்தால் குற்றம், அரசு செய்வித்தால் கொள்கை.

கே: இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பிய விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறவும் விசா கேட்கிறார்களே?

ப: ஷெங்கன் நாடுகளில், அதாவது பொது விசா முறை உள்ள ஐரோப்பிய நாடுகளில், விமானம் மாறவும் விசா எடுக்கவேண்டியவர்களின் பொதுப் பட்டியலில் உள்ள நாடுகளில் இலங்கையும் ஒன்று. செல்லுபடியாகும் கனடா அல்லது அமெரிக்க விசா இருந்தால் இந்த டிரான்சிட் விசா தேவையில்லை. டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவழியில் இறங்கி யாரும் தஞ்சம் கேட்டுவிடக்கூடாது என்பதே நோக்கம். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு, 2001ஆம் ஆண்டு ஐரோப்பிய விதிப்படி, குறைந்தது 3,000 யூரோ அபராதம் விதிக்கலாம். திருப்பி அழைத்துப்போகும் செலவும் அதன் தலையில். அதனால் கட்டுநாயக்கா கவுன்டர் ஊழியர் சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார். அவரிடம் அகதி மனு கொடுக்கவும் வழியில்லை.

கே: அகதிகளைத் தடுத்து நிறுத்தத் துருக்கிக்கு ஐரோப்பா கொடுத்த பணம் லஞ்சமா, உதவியா?

ப: 2016இல் ஒப்புக்கொண்ட 600 கோடி யூரோ, சிரிய அகதிகளின் பள்ளி, மருத்துவம், மாதாந்திர உதவித்தொகை என்றுதான் ஒதுக்கப்பட்டது. ஆனால் கதவின் சாவி துருக்கித் தலைநகர் அங்காராவிடம் போய்விட்டது. 2020 பிப்ரவரி இறுதியில் 'இனி தடுக்கமாட்டோம்' என்று துருக்கி சொன்னதும் ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையில் குவிந்தார்கள். கிரேக்கம் ஒரு மாதத்துக்குத் தஞ்ச மனு வாங்குவதையே நிறுத்தியது.