கணினி கேள்வி–பதில்: கணுவை இனங்காணும் சார்புகள்

கேள்வி: உயர்தர வகுப்பு மாணவர்களின் பைதன் செய்நிரல்களை அவற்றின் அமைப்பைப் பிரித்துக்காட்டும் ‘ஏஎஸ்டி’ கூறால் மரமாக்கி (மரத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு கணு), எண்கள், சார்புகள், ‘எலிஃப்’கள் எத்தனை என்று எண்ணுகிறேன். ‘ட்ரூ’வும் எண்ணாக விழுகிறது; -5 வெறும் 5 என்று வருகிறது; ‘எலிஃப்’ ஒன்றுகூட அகப்படவில்லை. எங்கே பிழை?
— ஆசிரியை, பரந்தன்

பதில்: மூன்றும் வெவ்வேறு பிழைகள். பைதனில் ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ இரண்டின் வகையான ‘பூல்’, முழு எண் வகையான ‘இன்ட்’டின் பிள்ளை வகுப்பு. ஆகவே ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ மூலம் “இது இன்ட்டா?” என்று கேட்டால் ‘ட்ரூ’வும் ஆமென்றுதான் சொல்லும். மாறிலியைக் குறிக்கும் ‘கான்ஸ்டன்ட்’ கணுவின் மதிப்பு ‘பூல்’ இல்லை என்பதை முதலில் உறுதி செய்துவிட்டு, எண்ணா என்று பிறகு கேளுங்கள்.

-5 என்று ஒரு மாறிலி மரத்தில் கிடையாது. ஒரே மதிப்பின்மேல் இயங்கும் குறிக்கான ‘யூனரிஆப்’ என்ற கணு, அதன் குறி ‘யூசப்’ (கழித்தல்), அதற்குள் 5 என்ற ‘கான்ஸ்டன்ட்’. ‘யூனரிஆப்’ என்று மட்டும் பார்த்தால் ‘நாட்’டும் சேர்ந்துவிடும், ‘-விலை’ என்ற மாறியும் சேர்ந்துவிடும். குறியையும் உள்ளிருப்பதையும் சேர்த்தே பாருங்கள். இனி வருகிற பொறி இது: வெளிக்கணுவை -5 என்று எண்ணிய பிறகு, எல்லாக் கணுக்களையும் சுற்றிவரும் ‘வாக்’ உள்ளே இறங்கி 5ஐயும் தரும், எண்ணிக்கை ஒன்று கூடும். எண்ணி முடித்த கணுவுக்குள் இறங்காத உங்கள் சொந்தச் சுற்றே இதற்கு நல்லது.

‘எலிஃப்’ அகப்படாததற்குக் காரணம், அப்படியொரு கணுவே இல்லை. ஒரு ‘இஃப்’பின் ‘எல்ஸ்’ பகுதியை வைத்திருக்கும் ‘ஆர்எல்ஸ்’ பட்டியலில் ஒரேயொரு ‘இஃப்’ இருந்தால் அது ‘எலிஃப்’ ஆகலாம். ஆனால் மாணவர் ‘எல்ஸ்’ போட்டு அடுத்த வரியில் உள்தள்ளி ‘இஃப்’ எழுதினாலும் மரம் அதேதான். வேறுபடுத்த, கணு தன் வரியில் தொடங்கும் இடத்தைச் சொல்லும் ‘கொல்_ஆஃப்செட்’டைப் பாருங்கள்: தாய் ‘இஃப்’பும் பிள்ளையும் தத்தம் வரியில் ஒரே இடத்தில் தொடங்கினால் ‘எலிஃப்’, பிள்ளை உள்ளே தள்ளியிருந்தால் மற்றது.

இந்தச் சோதனைகளை நிரலெங்கும் ‘இஃப்’களாகத் தூவ வேண்டாம். ‘எண்_மாறிலியா’, ‘சார்பா’, ‘எலிஃப்பா’ என ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டும் ஆம், இல்லை சொல்லும் சிறு சார்புகளாக ஒரே கோப்பில் வையுங்கள். ‘சார்பா’வுக்குள் ‘ஃபங்ஷன்டெஃப்’, ‘அசிங்ஃபங்ஷன்டெஃப்’ இரண்டையும் ஒரு டியூப்பிளாகக் கொடுக்கலாம். பெயரில்லாச் சார்பான ‘லாம்டா’வையும் சேர்ப்பதா என்பது உங்கள் புள்ளித்திட்டம். எது வந்தாலும் இவை உடையக்கூடாது. மதிப்பில்லாத ‘ரிட்டர்ன்’ கணுவின் ‘வேல்யூ’ ‘நன்’னாக இருக்கும். வகையைப் பார்க்காமல் அதற்குள் இன்னொரு ‘வேல்யூ’ தேடினால் ‘ஆட்ரிபியூட்எரர்’தான். வகைச் சோதனை முதலில், பிறகு ‘அண்ட்’, பிறகு மற்றது.

கேள்வி: ‘மொத்தம் = கௌபி + உழுந்து’ என்று தமிழிலேயே மாறிகள் எழுதினோம். கௌபி தொடங்கும் இடம் 10 என்று வரவேண்டும், 24 என்கிறது. ‘மொத்தம்’ என்ற பெயரை ஒப்பிட்டால் சில கோப்புகளில் பொருந்தவில்லை.
— மாணவர், வவுனியா

பதில்: ‘கொல்_ஆஃப்செட்’ எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை எண்ணுகிறது. தமிழ்க் குறியீடு (உயிர்க்குறி, புள்ளி உட்பட) ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘மொத்தம்’ 7 குறியீடு, ஆகவே 21, இடைவெளியும் சமன்குறியுமாக 3, கூட்டினால் 24. அந்த வரியை யூடிஎஃப்-8 பைட்டாக்கி, முதல் 24 பைட்டை வெட்டி, திரும்ப எழுத்தாக்கி நீளம் பாருங்கள், 10 வரும். வரி எண் 1இலிருந்தும் இந்த இடம் 0இலிருந்தும் தொடங்குவதை மறக்கவேண்டாம்.

பெயர் பொருந்தாதது வேறு கதை. ‘மொ’வை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். பைதன் மாறிப் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறைப்படி ஒருங்கிணைத்தே மரத்தில் வைக்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தைத் தொடுவதில்லை. நீங்கள் ஒப்பிடும் சரத்தையும் ‘யூனிகோட்டேட்டா’ கூறின் ‘நார்மலைஸ்’ஸால் அதே முறைக்கு மாற்றுங்கள். ‘கௌபி’யில் மட்டும் கவனம்: யாராவது கொம்பு போட்டு ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தால் எந்த ஒருங்கிணைப்பும் காப்பாற்றாது. அது கணினிக்கு வேறு சொல், கையால் திருத்தவேண்டியதுதான்.

கேள்வி: பைதன் 3.14 போட்டதும் பழைய நிரலில் ‘ஏஎஸ்டி.ஸ்ட்ர்’ இல்லை என்கிறது.
— வாசகர், முள்ளியவளை

பதில்: எண், சரம், ‘ட்ரூ’ போன்றவற்றுக்கான பழைய கணுக்களான ‘நம்’, ‘ஸ்ட்ர்’, ‘நேம்கான்ஸ்டன்ட்’ மூன்றும் 3.8இலேயே ‘கான்ஸ்டன்ட்’டுக்குள் அடங்கிவிட்டன, 3.14இல் நீக்கியே விட்டார்கள். ‘கான்ஸ்டன்ட்’டா என்று பார்த்து அதன் மதிப்பு ‘ஸ்ட்ர்’ வகையா என்று கேளுங்கள். ‘எஃப்’ போட்ட சரங்களை இந்தச் சோதனை பிடிக்காது, அவை ‘ஜாயின்ட்ஸ்ட்ர்’.