பிராட்பேண்ட் விதிகளில் வேகத்தோடு லேட்டன்சிக்கும் (டேட்டா போய்த் திரும்ப ஆகும் தாமதம்) வரம்பு வைக்க வேண்டுமா?

வைக்க வேண்டும். ஆனால் எங்கே, எந்த நேரத்தில் அளப்பது என்பதைச் சரியாக எழுதாவிட்டால் வைத்தும் பயனில்லை.

இந்தியாவில் இந்த விதி புதிதும் அல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே லேட்டன்சிக்கு வரம்பு போட்டது: இணைய நிறுவனத்தின் கேட்வேயிலிருந்து நிக்ஸி (நாட்டுக்குள் இணைய நிறுவனங்களின் இணைப்புகள் சந்திக்கும் மையம்) வரை 120 மில்லி செகண்டுக்குள், செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டுக்கு என்றால் 800-க்குள். கணக்கு எங்கே தொடங்குகிறது பாருங்கள். நிறுவனத்தின் வாசலில்! உங்கள் வீட்டிலிருந்து அந்த வாசல் வரை என்ன நடந்தாலும் அதில் சேராது. 2024 விதிகள் வரம்பை இறுக்கின, ஜிட்டரையும் (தாமதம் கூடிக் குறைவது) சேர்த்தன. நல்லதுதான்.

ஆனால் வீடியோ கால் திக்குவதற்குத் தூரம் பெரும்பாலும் காரணமில்லை. ஃபைபரில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட் போதும். சிக்கல் வரிசையில்தான். வீட்டில் யாரோ போனிலிருந்து போட்டோக்களை கிளவுடில் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். அப்லோடு நொடிக்கு 10 மெகாபிட் (எம்பிபிஎஸ்), மோடத்தில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) பஃபர், அதாவது டேட்டா துணுக்குகளான பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம். அது நிரம்பினால் பின்னால் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் 0.8 நொடி காத்துக் கிடக்கும். நீங்கள் "ஹலோ" சொல்லி, அவர் காதில் விழுவதற்குள் இன்னொரு "ஹலோ" சொல்லிவிடுவீர்கள். இதற்குப் பெயர் பஃபர்புளோட். எஃப்க்யூ-கோடெல் மாதிரி வரிசையைச் சுருக்கும் முறைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன, 2018-ல் ஆர்எஃப்சியாகவும் (இணையத் தொழில்நுட்பத்துக்கான பொது ஆவணம்) வந்துவிட்டது. இலவச மென்பொருள். நிறுவனங்கள் தரும் மலிவு ரவுட்டர்களில் எத்தனையில் அது இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், "ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்க சார்." லைன் சும்மா இருக்கும்போது எடுத்தால் 100 காட்டும். புகார் குளோஸ்.

ஆகவே என் கட்சி: லைன் முழுச் சுமையில் இருக்கும்போது, ராத்திரி எட்டு மணி வாக்கில், வாடிக்கையாளரின் ரவுட்டரிலிருந்து அளக்க வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோளுக்குத் தனி வரம்பு கொடுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தை எந்தச் சட்டமும் குறைக்காது. மற்றவர்களுக்குச் சலுகை தேவையில்லை.

அமெரிக்காவில் 2024 முதல் ஒவ்வொரு பிளானின் லேபிளிலும் வழக்கமான லேட்டன்சியை அச்சிட்டாக வேண்டும். இங்கே பிளான் நோட்டீஸில் எம்பிபிஎஸ் மட்டும்தான், கூடவே ஓடிடி இலவசம்.